பாலித் தீவுக்குப் போறீங்களா? முதல்ல முழங்காலைக் கேளுங்க!

"அஞ்சு நாள், பத்தொன்பது இடம்!"

2018-ல் எங்கள் குடும்பம் பாலித் தீவுக்குப் புறப்பட்டபோது நான் பெருமையாகத் தயாரித்த பட்டியல் அது. மொத்தம் ஒன்பது பேர். மூத்தவர் என் பெரியம்மா. வயது 68. இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இதெல்லாம் நீங்க பாருங்கடா. எனக்கு அந்தத் தீர்த்தக் குளம் மட்டும் போதும். அதுல ஒரு முழுக்குப் போட்டுட்டா திருப்தி" என்றார்.

அவர் சொன்னது 'தீர்த்தா எம்புல்' என்ற ஊற்றுக் கோயில். "லிஸ்ட்ல இருக்கு பெரியம்மா. நாலாவது நாள்" என்றேன்.

நாலாவது நாளும் வந்தது. அதற்குள் கடற்கரை, மலை, மார்க்கெட் என்று ஏறி இறங்கி எல்லோருமே களைத்திருந்தோம். தீர்த்தா எம்புலுக்குப் போகிற வழியில் 'குனுங் காவி' என்று ஒரு இடம். பாறையைக் குடைந்து செதுக்கிய பழங்கால நினைவுச் சின்னங்கள். "பக்கத்துலதானே இருக்கு, ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்" என்று சொன்னது நான்தான். பகல் பதினோரு மணி வெயில். சுமார் 300 படி கீழே இறங்க வேண்டும். இறங்கினால் ஏறவும் வேண்டுமே! பெரியம்மா "நான் மட்டும் மேல உட்கார்ந்து என்ன பண்ணப் போறேன்" என்று எங்களோடு இறங்கினார். ஏறி வந்தபோது வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

தீர்த்தா எம்புல் வாசலில் அவரால் வேனை விட்டு இறங்கவே முடியவில்லை. "நீ போய்ட்டு வா. எனக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டுடு" என்றார்.

பத்தொன்பது இடம் பார்த்தோம். அவர் கேட்ட ஒரே ஒரு இடத்தைக் காட்டாமல் திரும்பினோம்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம்தான் இந்தக் கட்டுரை. சுற்றுலாவுக்கு இடம் தேர்ந்தெடுப்பது பணக் கணக்கோ, நாள் கணக்கோ மட்டும் இல்லை. அது உடம்புக் கணக்கு. உங்கள் குடும்பத்தில் யாருடைய உடம்பு கொஞ்சம் பலவீனமோ, அவரை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

தீவு சின்னது... ரோடு நீளம்!

இந்தோனேசியாவின் ஆயிரக்கணக்கான தீவுகளில் பாலியும் ஒன்று. பரப்பளவு 5,800 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊர் பெரிய மாவட்டம் ஒன்றின் அளவுதான். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், இந்தத் தீவில் மட்டும் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்துக்கள். வீட்டுக்கு வீடு கோயில். தெருவுக்குத் தெரு பூஜை. ராமாயணமும் மகாபாரதமும் நாட்டியத்தில், ஓவியத்தில், கல்லில் எங்கே திரும்பினாலும் எதிரே வந்து நிற்கும்.

"மாவட்டம் அளவுதானே, ரெண்டு நாள்ல சுத்திடலாம்" என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். பாலியில் ரயில் கிடையாது. பஸ்ஸை நம்பி ஊர் சுற்ற முடியாது. டிரைவரோடு கார் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். பெரும்பாலும் குறுகலான சாலை, அதில் கோயில் ஊர்வலம் வேறு. விமான நிலையத்திலிருந்து உபுத் நகரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் சர்வ சாதாரணமாக ஆகும். மலைப் பக்கம் போனால் வளைவுகள். வாந்தி வருகிற குழந்தை இருந்தால் உங்களுக்கே தெரியும் அந்த அவஸ்தை!

வெயில் எப்படி என்கிறீர்களா? நம் கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில் இருக்கிறது. பாலி தெற்கே அதே 8 டிகிரி. அவ்வளவுதான் வித்தியாசம். வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியதுதான். ஆனால் வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு நாம் ஃபேனுக்கு அடியில் இருப்போம். அங்கே போனால் அதே நேரத்தில் கோயில் படியில் நிற்கிறோம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். முழங்கால் வலி, ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் வகை மாதங்களில் போவது நல்லது. ஈரக் கல்லில் வழுக்கி விழும் பயமாவது குறையும்.

மூன்று கேள்வி கேளுங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உட்காருங்கள். ஒரு பேப்பர், ஒரு பேனா போதும்.

முதல் கேள்வி: "எதைப் பார்க்காம வந்தா உனக்கு மனசு ஆறாது?" ஆளுக்கு ஒன்றுதான் சொல்லலாம். தாத்தா கோயில் என்பார். பையன் கடல் என்பான். மருமகள் "ரெண்டு நாள் சமைக்காம, எங்கயும் ஓடாம உட்கார்ந்தாப் போதும்" என்பாள். அதையும் எழுதுங்கள். அதுவும் நியாயமான ஆசைதான்!

இரண்டாவது: அந்த இடம் நம் உடம்பிடம் என்ன கேட்கிறது? எத்தனை படி? நிழல் உண்டா? காரில் எவ்வளவு நேரம்? உட்கார இடம் இருக்கிறதா? பக்கத்தில் கழிவறை உண்டா? சர்க்கரைக்காரருக்கும் புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்கும் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

மூன்றாவது: அது எந்தப் பக்கம், எந்த நேரம்? ஒரே திசையில் இருப்பதை ஒரே நாளில் வையுங்கள். படி உள்ள இடம் காலை எட்டு மணிக்கு. நிழலான இடம் பகலில். சாயங்காலம் கடற்கரையோ நாட்டியமோ.

இதற்கு மேல் ஒரு சட்டம்: ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம். அவ்வளவுதான். பேப்பரில் ஆளுக்கொன்றாக எழுதினீர்களே, அவற்றைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். உடம்பு தெம்பாக இருப்பது அப்போதுதான்.

உபுத் பக்கம்: கோயிலும் கலையும்

தீவின் நடுவில் இருக்கிறது உபுத். ஓவியர்கள், மரச் சிற்பிகள், நாட்டியக்காரர்கள் நிறைந்த ஊர். இரண்டு மூன்று ராத்திரி இங்கே தங்கினால் கோயில்களுக்கு அலைச்சல் இல்லை.

தீர்த்தா எம்புல் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குளத்தின் அடியிலிருந்து ஊற்று கொப்பளித்து வருவதை நேரில் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் கல் குழாய்கள் வழியாகக் கொட்டுகிறது. இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று ஒவ்வொரு குழாயின் கீழும் தலையைக் காட்டுகிறார்கள். வரிசையில் இரண்டு குழாய்களை மட்டும் எல்லோரும் தாண்டிப் போவார்கள். அவை இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. நீங்களும் தாண்டிவிடுங்கள். படி அதிகம் இல்லை, ஆனால் ஈரக்கல் வழுக்கும். பெரியவர்களை இருவர் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் அதிலேயே வெகு நேரம் நிற்க வேண்டி வரும். எனவே காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். தீர்த்தம் என்று விழுங்க வேண்டாம். பலர் இறங்கும் நீர் அது. காலில் புண் உள்ள சர்க்கரைக்காரர் இறங்காமல், கரையில் நின்று தலையில் தெளித்துக்கொள்வது நல்லது.

குனுங் காவி 11-ஆம் நூற்றாண்டு. நம் ராஜேந்திர சோழன் ஆண்ட அதே நூற்றாண்டு. பாறையில் ஏழு மீட்டர் உயரத்துக்குச் செதுக்கிய பத்து நினைவுச் சின்னங்கள். அற்புதம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 300 படி? இளவட்டங்கள் மட்டும் காலையில் போய் வரட்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் எதிரி. இறங்கும்போது முட்டிச் சில்லு மீது உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழும். ஏறும்போது சிரமப்படுவது இதயம். ஆக, "இறங்கறது சுலபம்தானே" என்று பாட்டியைக் கூட்டிப் போனால் இறங்கும்போது முட்டிக்கு அடி, ஏறும்போது இதயத்துக்குச் சோதனை.

பெரியவர்களுக்குத் தோதான இடம் 'கோவா காஜா'. பெயரிலேயே கஜம் இருக்கிறது பாருங்கள், யானைக் குகை! உபுத்துக்குப் பக்கத்திலேயே. கொஞ்சம் படிகள் உண்டு, மெதுவாக இறங்கலாம். குகைக்குள்ளே ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் மூன்று லிங்கங்கள். முன்னால் உள்ள குளம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1954-ல்தான் தோண்டி எடுக்கப்பட்டது.

பகல் வெயிலுக்கு ஏற்றது மியூசியம். உபுத்தின் 'பூரி லூகிசான்' 1956-ல் திறக்கப்பட்டது. தோட்டத்துக்கு நடுவே தனித்தனிக் கட்டடங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ஓவியத்தில் அர்ஜுனனையும் சீதையையும் அடையாளம் கண்டு குழந்தைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ராத்திரி நாட்டியம். உபுத் அரண்மனை முற்றத்தில் ஏழரை மணி வாக்கில் நடக்கும். உட்கார நாற்காலி உண்டு. முதுகுவலிக்காரர் சீக்கிரமே போய் இடம் பிடித்துவிடலாம்.

கடல் பக்கம்: சானூரா, கூட்டாவா?

எல்லோரும் 'கூட்டா' கடற்கரையைத்தான் சொல்வார்கள். அலைச் சறுக்குக்காரர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும்.

குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்குக் கிழக்குக் கரையில் உள்ள சானூர் நல்லது. பவளப் பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது. கரையோரமாகவே சமதளமான நடைபாதை கிலோமீட்டர் கணக்கில் போகிறது. தினமும் வாக்கிங் போகிற அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? சூரிய உதயமும் இங்கேதான்.

சாயங்காலத்துக்கு இரண்டு கோயில்கள். 'தானா லோட்' கடலுக்குள் ஒரு பாறை மேல் நிற்கிறது. நடை குறைவு. கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். 'உலுவாட்டு' சுமார் எழுபது மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை விளிம்பில் இருக்கிறது. படிகள் உண்டு. அங்கே சூரியன் சாயும் நேரத்தில் 'கெச்சாக்' ஆட்டம். வாத்தியமே கிடையாது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக் சக்' என்று குரலாலேயே தாளம் போட, நடுவில் சீதையும் அனுமனும் ஆடுவார்கள். பார்வையாளர் உட்காருவது சாய்மானம் இல்லாத படிக்கட்டில், ஒரு மணி நேரம். இடுப்புவலி இருந்தால் இதே ஆட்டத்தை உபுத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கோயில்களையும் ஒரே மாலையில் பார்க்க முயலாதீர்கள். ஒன்றை எடுங்கள், போதும்.

மலைப் பக்கம்: குளிரும் வயலும்

பெடுகுல் என்ற மலை ஊரில் ஏரிக்கரைக் கோயில் ஒன்று, 'உலுன் டானு பிரதான்'. சுமார் 1,200 மீட்டர் உயரம். ஸ்வெட்டர் வேண்டும். இடம் சமதளம். சக்கர நாற்காலியில் இருப்பவர்கூட ஏரியைப் பார்க்கலாம். பக்கத்திலேயே பெரிய தாவரவியல் பூங்கா.

'ஜதிலுவி' என்ற ஊரில் அடுக்கடுக்காக நெல் வயல். உழவர்கள் சேர்ந்து கோயிலை மையமாக வைத்துத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'சுபாக்' என்று பெயர். 2012-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் ஊர் ஏரிப் பாசனமும் குடிமராமத்தும் நினைவுக்கு வரும். விருப்பப்பட்டவர் வரப்பில் நடக்கலாம். முடியாதவர் சாலையோரம் காபி குடித்துக்கொண்டே அதே காட்சியைப் பார்க்கலாம்.

'பாத்தூர்' எரிமலையில் சூரிய உதயம் பார்க்க விடியற்காலை நாலு மணிக்கு மலையேறுகிறார்கள். 1,717 மீட்டர். இருட்டில் சரளைக் கல்லில் இரண்டு மணி நேர ஏற்றம். இதய நோய், ஆஸ்துமா, முழங்கால் வலி எது இருந்தாலும் வேண்டாம். எதிரே கிந்தாமணி மேட்டில் நின்று பாருங்கள், மலை முழுதும் தெரியும்.

'பெசாகி' பாலியின் தாய்க் கோயில். ஆகுங் எரிமலைச் சரிவில் அடுக்கடுக்காகப் படி. 1963-ல் ஆகுங் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் கோயில் தப்பியது. 2017 நவம்பரில் மறுபடியும் சாம்பல் கக்கி, விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது. அதனால்தான் சொல்கிறேன், தினசரி மாத்திரைகளை நாலு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். பயண இன்ஷூரன்ஸையும் விட்டுவிடாதீர்கள்.

கிழக்கே: கூட்டமில்லாத இரண்டு இடங்கள்

குளுங்குங் ஊரில் 'கெர்த்தா கோசா' என்ற பழைய நீதி மண்டபம். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க ஓவியம். பெற்றோரை மீட்க நரகத்துக்குப் போகும் பீமன், அங்கே பாவிகளுக்குக் கிடைக்கும் தண்டனைகள்! வழக்குக்கு வந்தவன் நடுங்கியிருப்பான். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பவர் நின்றபடி வெகு நேரம் அண்ணாந்து பார்க்க வேண்டாம், தலைசுற்றும்.

அங்கிருந்து 'தெங்கானான்' கிராமம். ஊடும் பாவும் இரண்டையுமே முன்கூட்டிச் சாயம் போட்டு நெய்யும் அபூர்வத் துணி இங்கே நெய்யப்படுகிறது. இந்தக் கலை உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் உண்டு. நம் குஜராத்தின் பட்டான் படோலா அதில் ஒன்று. அம்மாவும் மாமியாரும் அசையாமல் நின்றுவிடுவார்கள், பர்ஸ் ஜாக்கிரதை!

குரங்கு அழகுதான்... கிட்டப் போகாதீர்கள்

உபுத்தில் குரங்குக் காடு இருக்கிறது. உலுவாட்டு குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறிப்பதில் கெட்டிக்காரர்கள். குழந்தையின் தோளில் குரங்கை உட்கார வைத்து போட்டோ எடுக்க ஆசைப்படாதீர்கள்.

காரணம் இருக்கிறது. பாலியில் 2008-ல் ரேபீஸ் நோய் நுழைந்தது. முக்கியமாகப் பரப்புவது நாய். ஆனால் எந்தப் பாலூட்டி கடித்தாலும் பிறாண்டினாலும் அலட்சியம் கூடாது. உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியை ஆரம்பிக்க வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்பது இந்த ஒரு விஷயத்தில் உயிருக்கே உலை வைக்கும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள், முன்கூட்டியே தடுப்பூசி போடலாமா என்று குடும்ப டாக்டரிடம் கேளுங்கள்.

வயிறும் காய்ச்சலும்

குழாய்த் தண்ணீர் வேண்டாம். பல் துலக்கக்கூட மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர்தான். உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்தாவது பெட்டியில் இருக்கட்டும்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "இந்துக்கள் ஊர்தானே, சைவம் கிடைக்கும்" என்று நம்பிப் போகாதீர்கள். பன்றியும் வாத்தும் அங்கே விருந்துச் சாப்பாடு. காய்கறிப் பொரியலில்கூட 'தெராசி' என்கிற இறால் விழுது சேரும். அப்பளம் மாதிரி இருப்பதிலும் இறால் இருக்கலாம். "தன்பா தாகிங், தன்பா இக்கான், தன்பா தெலூர், தன்பா தெராசி" என்று மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, இறால் விழுது இல்லாமல் என்று அர்த்தம். தெம்பே என்ற சோயாக் கட்டியும் டோஃபுவும் எங்கும் கிடைக்கும், புரதத்துக்குக் கவலையில்லை. பல சமையலில் நிலக்கடலைச் சாந்து வரும். கடலை அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

'அராக்' என்ற உள்ளூர்ச் சாராயத்தைத் தொடவே வேண்டாம். மெத்தனால் கலந்த அராக்கைக் குடித்து 2009-ல் பலர் உயிரிழந்தார்கள்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி கிரீம் அவசியம். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் "பாலி போயிருந்தோம்" என்று சொல்லுங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பாலி நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இன்சுலின் போடுபவர் புறப்படும் முன்பே டாக்டரிடம் நேரம் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கோயில் வழக்கம்

நம் கோயில் மாதிரி கர்ப்பக்கிரகம், அர்ச்சனை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அங்கே கோயில் என்பது திறந்த முற்றம், அடுக்குக் கூரைக் கோபுரம், பல இடங்களில் உருவமில்லாத காலி ஆசனம். உள்முற்றம் வழிபட வருகிறவர்களுக்கு மட்டும். பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடுப்பில் சரோங்கும் அதன்மேல் ஒரு கச்சையும் கட்ட வேண்டும். வாசலில் தென்னை ஓலைத் தட்டில் பூ வைத்திருப்பார்கள். நம் கோலம் மாதிரி. அதை மிதிக்காதீர்கள்.

மாதவிலக்கு நாட்களில் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். "மாத்திரை போட்டுத் தள்ளிப் போட்டுக்கலாமா?" என்பீர்கள். டாக்டரைக் கேட்காமல் கூடாது. நீண்ட விமானப் பயணத்தோடு சேரும்போது, சிலருக்கு ரத்தம் உறையும் அபாயம் உண்டு. நாளைக் கணக்குப் பார்த்து மியூசியத்தையும் கடற்கரையையும் அந்த நாட்களில் வைத்துவிடலாமே!

இன்னொன்று, 'நியேபி'. நம் நாட்டில் வழங்கும் அதே சக ஆண்டுக் கணக்கில் வரும் புத்தாண்டு, பெரும்பாலும் மார்ச்சில். அன்றைக்கு ஊரே மௌனம். விளக்கு கிடையாது, வண்டி கிடையாது, விமான நிலையமே 24 மணி நேரம் மூடல். சுற்றுலா வந்தவரும் ஓட்டலை விட்டு வெளியே வரக்கூடாது. ஓய்வு வேண்டுபவருக்கு வரம், அவசரக்காரருக்குச் சிறை. தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.

இப்படி ஒரு வாரம் போகலாம்

முதல் நாள்: வந்து சேர்ந்து உபுத்தில் ஓய்வு. வேறொன்றும் இல்லை.
இரண்டாம் நாள்: காலையில் தீர்த்தா எம்புல். மாலை நாட்டியம்.
மூன்றாம் நாள்: காலையில் கோவா காஜா. பகலில் மியூசியம்.
நாலாம் நாள்: பெடுகுல் அல்லது ஜதிலுவி. அப்படியே இறங்கி சானூரில் தங்கல்.
ஐந்தாம் நாள்: கடற்கரை. மாலை தானா லோட் அல்லது உலுவாட்டு.
ஆறாம் நாள்: காலையில் கெர்த்தா கோசா, பிறகு தெங்கானான். நடக்க விரும்பாதவர் சானூரிலேயே இருக்கலாம்.
ஏழாம் நாள்: ஊர்.

எண்ணிப் பாருங்கள், எட்டு ஒன்பது இடம்தான். நான் போட்ட பட்டியலில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் உட்கார நேரம் இருக்கிறது.

இளைஞர்கள் முணுமுணுத்தால் ஒரு காலை நேரத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். குனுங் காவியோ பாத்தூரோ போய் வரட்டும். பெரியவர்கள் அதுவரை ஓட்டலில் நிம்மதியாகக் காபி குடிக்கட்டும். எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாடகை ஸ்கூட்டர் மட்டும் வேண்டாம். உரிமம் சரியில்லாமல் ஓட்டி விழுந்தால் எலும்பும் போகும், இன்ஷூரன்ஸும் கிடைக்காது.

என் பெரியம்மா? முழங்கால் வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவருக்கு வெளிநாட்டுப் பயணம் வாய்க்கவில்லை. அவருக்காக நான் போட்ட முழுக்கைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "நீ போட்டா நான் போட்ட மாதிரிதான்" என்பார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார். பத்தொன்பது இடத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, "உனக்கு எது வேணும்?" என்று முதலில் அவரைக் கேளுங்கள். அதை இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சௌக்கியமாய்ப் போய் வாருங்கள்!